அப்பச்சோடா தூவிய கம்பளம்

“இண்டைக்கு ஆனி பன்னிரண்டு, வியாழக்கிழமை. உந்தக் கம்பளம் வந்த நாள் தொட்டு வீடு நாறுது, அண்ணை. இனி நான் பொறுக்கமாட்டன்.”

பாலேஸ்வரி இதைச் சொன்னபோது அவளுடைய தமையன் பஞ்சலிங்கம் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதியாய்க் கப்பலேறி, அரியாலையில் தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மனைவியை முன்னரே இழந்தவர். எஞ்சியிருந்தவள் ஐந்து வயது மகள் கமலாவதி ஒருத்தியே. அவளும் அகதி முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள் என்று, வந்த அன்று வாசற்படியில் நின்றபடியே சொன்னார். அதற்குமேல் எவர் துருவிக் கேட்டும் அவர் வாய் திறந்தாரில்லை.

மகளைக் கொழும்பு மண்ணுக்குக் கொடுத்துவிட்டு அவர் கொண்டுவந்த உடைமை, சுருட்டித் தோளில் சுமந்த அந்தச் சிவப்புக் கம்பளம் ஒன்றுதான்.

மறுநாள் பிள்ளையின் சாவுத் துடக்குக் கழிவு. ஐயர் வந்து தீர்த்தம் தெளிக்கும்போது வீட்டில் அழுக்கென்று ஒரு துரும்பும் இருக்கலாகாது என்பதில் பாலேஸ்வரி உறுதியாய் இருந்தாள். குறையொன்று நேர்ந்தால் அந்தச் சின்ன உயிர் அல்லவா கரையேறாமல் தவிக்கும்? துணிகள் சலவைக்குப் போய் வந்துவிட்டன. பாத்திரங்கள் புளி போட்டு விளக்கப்பட்டுவிட்டன. வீடு மஞ்சள் நீரால் கழுவப்பட்டுவிட்டது. அறை மூலையில் கிடந்த கம்பளம் மாத்திரம் மூத்திர நாற்றம் வீசிக்கொண்டிருந்தது.

“கப்பல்லை சனத்தோடை சனமாய்க் கிடந்தது. எந்தப் பிள்ளை பெய்ஞ்சு வைச்சுதோ,” என்றாள்.

பஞ்சலிங்கம் நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்தார்.

“அதைத் தொடாதை, தங்கச்சி. கிடக்கட்டும்.”

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைக்குமா என்று விசாரிக்க, மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவர் படலையைத் தாண்டியதும், பக்கத்து வளவு நல்லம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். துக்கவீட்டுக்கு உதவ வருகிறவள்தான். ஆனால் வாய் சும்மா இராது.

“ஊரெல்லாம் காப்பையும் சங்கிலியையும் மடியிலை கட்டிக்கொண்டு ஓடி வந்துது. உன்ரை கொண்ணர் விரிப்பைச் சுமந்துகொண்டு வந்தவர். துரைமாரைக் கூப்பிட்டு இருத்தப் போறாராக்கும்.”

பாலேஸ்வரிக்குச் சுருக்கென்றது. தானும் மனத்துக்குள் அதையே பலமுறை கேட்டிருந்தபடியால் அவளால் கோபிக்கவும் முடியவில்லை. செத்துப்போன மனைவியின் நினைவாக வைத்திருக்கிறார்போலும் என்று பொதுவாய்ச் சொல்லிவைத்தாள். பெற்ற பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், தலையணை கொடுத்தால் வேண்டாமென்று தள்ளிவிட்டு அந்த நாறற் சுருளிலே முகத்தை வைத்துப் படுக்கிறாரே என்பது அவளுடைய மனத்தாங்கல். அதை அவள் நல்லம்மாவிடம் சொல்லவில்லை.

கிணற்றடியில் போட்டு அடித்துக் கழுவலாம் என்றாள் நல்லம்மா. பாலேஸ்வரி மறுத்தாள். தடித்த கம்பளம் தண்ணீர் குடித்தால் விடிவதற்குள் காயாது; காயாத கம்பளம் இன்னும் கூடுதலாய் நாறும். வதிவிடப் பள்ளியில் படித்த காலத்தில் அதிபர் அம்மையாரின் கம்பளத்தை எப்படித் துப்புரவாக்கினார்கள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. குசினிக்குள் போய் அப்பச்சோடாப் பேணியை எடுத்து வந்தாள்.

இருவருமாய்ச் சுருளை அவிழ்த்து முற்றத்து வெயிலில் விரித்தார்கள். நடுவில் அகலமாய் ஒரு கறை. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளி, தேங்காயெண்ணெய் ஊறினாற்போல் இன்னொன்று. இரண்டின்மேலும் பாலேஸ்வரி அப்பச்சோடாவைத் தாராளமாய்த் தூவி, உள்ளங்கையால் தேய்த்து மயிரிழைக்குள் இறக்கினாள். தூள் மணத்தை உறிஞ்சட்டுமென்று உச்சி சாயும்வரை விட்டுவைத்தாள். பிறகு ஈர்க்குமாற்றால் கூட்டித் தள்ளி, கொடியில் போட்டுத் தடியால் அடித்து உதறினாள். போதாதென்று இரண்டாந்தரமும் தூவினாள். கடைசியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். வெயிலின் வாசத்தைத் தவிர வேறொன்றுமில்லை.

“கைகாரிதான்,” என்று நல்லம்மாவே ஒப்புக்கொண்டாள்.

பின்னேரம் பஞ்சலிங்கம் திரும்பியபோது கம்பளம் விறாந்தையில் அழகாய் விரிந்து கிடந்தது. அவர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

“என்ன செய்தனி?”

“அப்பச்சோடா போட்டனான், அண்ணை. நாளைக்கு ஐயர் வாறவரெல்லே. ஒரு மணமும் இல்லை, மணந்து பாருங்கோ.”

அவர் முழங்காலில் விழுந்து கம்பளத்தில் முகத்தைப் புதைத்தார். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மறுபடியும் எண்ணெய்க் கறை இருந்த இடத்தில். நெடுநேரம் அவர் எழும்பவில்லை.

“எண்ணெய் மணமும் போச்சோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை. எல்லாம் போச்சு.”

அதைக் கேட்டதும் அவர் வாய்விட்டுக் கதறினார். பிள்ளை இறந்ததிலிருந்து அவர் அழுதது அதுவே முதன்முறை. அழுகை வந்துவிட்டது, இனி மனம் ஆறும் என்று பாலேஸ்வரி தேறுதல் கொண்டு, அருகில் குந்தி அவர் முதுகைத் தடவினாள்.

“காய்ச்சல் எண்டு நான் சொன்னது பொய். சந்தியிலை கத்தியோடை மறிச்சு நிண்டாங்கள். பிள்ளையை உதுக்குள்ளை வைச்சுச் சுருட்டி, கூலிக்காரன் மாதிரித் தோளிலை போட்டுக்கொண்டு அவங்களுக்குள்ளாலை நடந்தனான். அப்பா அவிழ்க்கிற வரைக்கும் சத்தம் போடக்கூடாது எண்டு சொல்லியிருந்தனான். என்ரை பிள்ளை சொல்வழி கேக்கிறவள், தங்கச்சி. நான் அவிழ்த்த பிறகும் அவள் சத்தம் போடேல்லை.”

வாசகரே, அரியாலைப் பக்கம் போனால் அந்த மனிதரிடம், பிள்ளைக்கு வந்தது என்ன காய்ச்சல் என்று நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.