டைரக்டர் மிதிக்க மறந்த பிரேக்
“முட்டியக் கழட்டி மேல பெட்டியோட வைக்கவா?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கத்துகிறார். “வரும்போது நானும் இந்த வரிசையிலதான் சார் வந்தேன். என் முட்டியும் இன்னும் நிமிரல,” என்கிறார் தேநீர் வண்டியைத் தள்ளுபவர். இவர்தான் இந்த விமானக் கம்பெனியின் டைரக்டர். இருக்கைகளை நெருக்கிய புண்ணியவான், இன்று ஒருநாள் பணியாளர். பேச்சு மும்முரத்தில் பிரேக்கை மிதிக்க மறந்துவிடுகிறார்; வண்டி உருள்கிறது. பணிப்பெண் இடுப்பைக் கொடுத்து நிறுத்துகிறாள். “வலிக்குதாம்மா?” “பதினோரு வருஷமா வலிக்குது சார். பறக்காம தரையில வேலை கேட்டு மூணு தடவ எழுதினேன், நீங்கதான் முடியாதுன்னுட்டீங்க.” ஜன்னல் வெயிலில் அவர் காது சிவக்கிறது. தலை குனிந்தபடி பிரேக்கை மிதிக்கிறார். “சொன்னதுக்கு நன்றிம்மா. நாலாவது தடவ எழுதுங்க.” அவள் கண் கலங்குவதை நான் எட்டிப் பார்க்கிறேன். பிறகு விசாரித்தேன்: பணிப்பெண்களின் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றலாகி ஊரே மாறிவிட்டாளாம். அங்கே அவள் நடத்தும் முதல் பாடம் பிரேக்தானாம்.