பன்னிரண்டாம் கட்டிலுக்கான ஊசி

ஊசியை உருவியபோது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இடுப்பில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"இதுக்கு வலி கேட்டுருங்களா சிஸ்டர்?" கட்டிலருகே நின்றிருந்த அவன் மனைவி கேட்டாள்.

"பத்து நிமிஷம் ஆகும்."

கட்டிலில் மகுடபதி. போர்வெல் லாரியில் வேலை. இரும்புக் குழாய் சரிந்து விழுந்து, இன்று காலையில்தான் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

அவனுக்குப் போட்டது வெறும் தண்ணீர்.

அவனுக்கான மருந்து ஊசி போட்டவளின் தொடையில் இறங்கியிருந்தது. லேசில் இறங்கவில்லை. தோல் கல்லாக இறுகிப்போயிருந்தது. மூன்றாவது இடத்தில்தான் ஊசி உள்ளே போனது.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுக்குச் சிறுநீரகக் கல். லீவு கிடைக்காத வாரம். கூட வேலை பார்த்தவளே இதே வலி ஊசியைப் போட்டுவிட்டாள்.

கல் தானாகப் போய்விட்டது.

ஊசி நிற்கவில்லை.

பாதி நோயாளிக்கு, பாதி தனக்கு. அப்படித்தான் இத்தனை நாளும். யாருக்கும் முழுதாக இல்லை என்று ஆக்கியதில்லை என்பது அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது.

இன்று அதுவும் போயிற்று.

பத்து நிமிஷம் ஆனது.

மகுடபதி கத்தவில்லை. துண்டைச் சுருட்டிப் பல்லில் வைத்துக் கடித்தான். ஒரு கை மட்டும் போர்வைக்கு அடியில், இல்லாத பாதத்தைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.

பிறகு துண்டு வாயிலிருந்து நழுவியது.

எதிர்க் கட்டில்காரர் அந்தச் சத்தம் தாங்காமல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மனைவி ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கால்ல வேணாலும் விழறனுங்க சிஸ்டர். என்னமோ பண்ணுங்க. கொழாய் விழுந்தப்பக்கூட இப்படிக் கத்தலீங்களாம்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது.

அதற்குள் டியூட்டி டாக்டர் வந்துவிட்டார்.

கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "இப்பதானே போட்டிருக்கு?" என்றார். மகுடபதியின் முகத்தைப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"சிலருக்கு ஒண்ணு பத்தாது சிஸ்டர். இன்னொரு டோஸ் போட்டுடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

அது சந்தோஷம்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அதன் பின்னால் வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

அலமாரியைத் திறந்து புதிய குப்பியை எடுத்தாள். சிரிஞ்சை எடுத்தாள். வார்டு வாசலில் நின்று மகுடபதியின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட்டாள்.

"இதோ வரேம்மா."

வார்டு இடது பக்கம்.

அவள் வலது பக்கம் திரும்பினாள். நர்ஸ்களுக்கான கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

இரண்டு சுவர்களைத் தாண்டியும் அவன் குரல் கேட்டது.

குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.