டெல்டாவுக்கு எத்தனை பேர்?

"பயப்படாம பதில் சொல்லுங்க சார். தலையை ஆட்டக் கூடாது, வாயாலதான் சொல்லணும்," என்றாள் எதிரே அட்டைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்.

பயப்படாமலாம்! கேள்வி கேட்டே ஒரு கல்லூரியின் வயிற்றில் புளியைக் கரைத்தவர் இயற்பியல் வாத்தியார். இன்று அவர் வயிற்றிலேயே கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம் என்று அங்கே தலைமை வகித்த பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் பின்னால் நின்றதால் முகம்கூடத் தெரியவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் இன்று சறுக்கினால் வாத்தியார் இனி கரும்பலகைப் பக்கம் போக முடியாது. அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

முதல் அட்டையில் ΔT.

"டெல்டா டி. வெப்பநிலை மாற்றம். கடைசியில இருந்ததுல ஆரம்பத்துல இருந்ததைக் கழிக்கணும்."

"சரி. இருபடிச் சமன்பாட்டுல இதே டெல்டா வந்தா?"

"தன்மைக்காட்டி. அது மைனஸ்ல போச்சுன்னா மெய்யான மூலமே கிடையாது."

அடுத்த அட்டையில் முக்கோணம் தலைகீழாக நின்றது.

"இது டெல்டாவே இல்லம்மா, நாப்லா. என்கிட்டயேவா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வாத்தியாருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நேற்று பூராவும் மனைவிதான் கேள்வி கேட்டுப் பழக்கியிருந்தாள். "ஒரு முக்கோணத்துக்கு இத்தனை பேரா? திருட்டுப்பயகூட இத்தனை பேர் வெச்சுக்க மாட்டான்!" என்று அலுத்துக்கொண்டவள், இப்போது வெளியே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அடுத்தது சின்ன டெல்டா, காலடியில் i, j என்று இரண்டு எழுத்து.

"ரெண்டும் ஒரே எண்ணா இருந்தா, மதிப்பு ஒண்ணு. வேற வேறயா இருந்தா..."

வரவில்லை. தினமும் நூறு தரம் சொல்கிற சொல். கண்முன்னே வட்டமாக நிற்கிறது, நாக்குக்கு மட்டும் ஏறவில்லை. வாத்தியார் வாயைத் திறந்தார், மூடினார். ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளுக்குள் அலறினார். அந்த அலறலும் வெளியே வரவில்லை.

"சார்? வேற வேறயா இருந்தா?"

காது கேட்கிறது, கேள்வி புரிகிறது, பதிலும் தெரிகிறது. பிறந்த குழந்தையாகத் திருதிருவென்று விழித்தார். வாழ்க்கையில் அவர் இப்படிப் பயந்ததே இல்லை.

அந்தப் பெண் சட்டென்று கையைத் தூக்கினாள். "வரலை!"

"சரி, அந்தப் பக்கம் போக வேண்டாம்," என்றது பெரியவர் குரல்.

"பூஜ்ஜியம்!" என்று கத்தினார் வாத்தியார். "பூஜ்ஜியம்மா, பூஜ்ஜியம்! எனக்குத் தெரியும், சத்தியமா தெரியும்! நிறுத்திடாதீங்க!"

"தெரியும் சார், பதறாதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

கடைசி அட்டையில் δ(x). வாத்தியார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எல்லா இடத்துலயும் பூஜ்ஜியம். ஒரே ஒரு புள்ளியில மட்டும்... எல்லையே இல்லாத உயரம். மொத்தப் பரப்பு... ஒண்ணு."

அந்தப் பெண் அட்டைகளை அடுக்கிக் கீழே வைத்தாள். ஒரு கேள்வியில் திக்கியது வாத்தியாரை அரித்தது.

"பாஸா, ஃபெயிலா? எதுவானாலும் சொல்லிடுங்க," என்றார்.

பெரியவர் அவர் காதருகே குனிந்தார்.

"கட்டி முழுசா வந்துடுச்சு சார், மண்டையோட்டை மூடிடலாமா?"