ஸ்பிதிக்குப் பேர் கொடுத்தவள்

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் உச்சி வெயில். பஷீரின் சுக்குக் கடைக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக ஒளி தூண் மாதிரி இறங்குகிறது. அதற்குள் தூசி மெல்லச் சுழல்கிறது. மூட்டைகளுக்கு நடுவே தோள்பையோடு நிற்கிறாள் மகள் ஹிஸானா. கல்லூரியில் நிலவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோடை விடுமுறைக் களப் பயிற்சிக்கு இரண்டு இடங்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று வர்க்கலை, அரை நாளில் போய்விடலாம், தோழிகள் எல்லாரும் அங்கேதான். மற்றது இமயமலையில் இருக்கிற ஸ்பிதி. ஒரு மாதம் கூடாரத்தில் தங்க வேண்டும்.

“அத்தா, நான் ஸ்பிதிக்குப் பேர் கொடுத்துட்டேன்” என்கிறாள். குரல் லேசாக நடுங்குகிறது, பார்வை நடுங்கவில்லை.

சுக்கை அள்ளிய பஷீரின் கை தராசுக்கு மேலேயே நிற்கிறது. சாயாவோடு உட்கார்ந்திருந்த பக்கத்துக் கடை ரமேஷ்பாபு முந்திக்கொள்கிறார். “பெண்குட்டிய அத்தனை தூரமா? அங்க கல்லையும் பனியையும் விட்டா என்ன இருக்கு?”

“அந்தக் கல்லுக்குள்ள சிப்பி இருக்கு, மாமா. அந்த மலை ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்தது. அதை நான் தொட்டுப் பாக்கணும்.”

தெருவில் கைவண்டி ஒன்று கடகடத்துப் போகிறது. பஷீர் மகளை நிமிர்ந்து பார்க்கிறார். காயலைத் தாண்டி எர்ணாகுளத்தில் படிக்கவே உம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அனுமதி கேட்டவள், இன்று தானே முடிவெடுத்துவிட்டு வந்து சொல்கிறாள். சுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்கிறார்:

“ரமேஷே, நமக்குக் கடல்னா இந்தப் படகுத்துறையோட முடிஞ்சுது. என் மோளு மலை மேல கடலப் பாக்கப் போறா!”