பதினொரு கரண்டி

சந்தனராஜின் கீபோர்டில் ஒன்று என்ற எண்ணைத் தட்டினால், ஒரு மாதமாக அது இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்தது. விழுந்ததில் ஒன்றை அழித்துவிடுவது அவனுக்குப் பழகிவிட்டது. தங்கமீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்திருக்கிறது, ஐந்து லிட்டர் வாளிக்கு எத்தனை கரண்டி உப்பு என்று மீன் வளர்ப்போர் குழுவில் ஜெபராணி கேட்டிருந்தாள். பதில் போட்டுவிட்டுத் தொட்டி கழுவப் போனான். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அவன் போட்டது 11. கீழே அவள், "போட்டாச்சுண்ணே."

பதினொரு கரண்டி என்றால் வாளியில் இருப்பது கடல்.

செய்தியை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான். பிறகு போன் செய்தான்.

"ஜெபா, மீனை எடுத்து நேத்துப் புடிச்சு வச்ச தண்ணில விடு. ஒண்ணுன்னு அடிச்சேன், பதினொண்ணா விழுந்துட்டு. தப்பு எம்மேலதான்."

தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது.

"சாஞ்சு கெடக்குண்ணே. செவுள் மட்டும் அசையுது."

"அவ்வளவு உப்பை அள்ளிப் போடுறப்ப உனக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு. 'ஏட்டி, கருவாடா போடப்போற'ன்னு எங்க வீட்டுக்காரரு கூடக் கேட்டாரு. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாந்தான் போட்டேன்."

சந்தனராஜ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அதை விடுங்க. அடுத்து என்ன செய்யணும்? சொல்லுங்கண்ணே, அப்படியே செய்றேன்."