எந்தப் பெட்டி பாடுகிறது?

'இதோ வரது. அவசரப்படாதே. மட்டையிலே படட்டும்... இப்போ.'

டொய்ங்.

கூடத்தில் இருந்த மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். டெலிவிஷனை ஒட்டிய உள்ளறை வாசலில் பட்டு உட்கார்ந்திருந்தாள். வெளி ஆண்கள் வந்தால் அவள் இடம் அதுதான். படுதாவின் இடுக்கு வழியே தெரிந்த வெள்ளைப் பந்தை விட்டு அவள் கண் அசையவில்லை.

கல்பாத்தி அக்கிரகாரத்துக்கு ஒளிபரப்பு எதுவும் வராத காலம். பட்டுவின் கணவர் ராமபத்ரனுக்கு அவர் தம்பி அமெரிக்காவிலிருந்து டெலிவிஷனும், அதில் மாட்டித் திரையில் பந்தடித்து ஆடும் விளையாட்டுப் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அடுத்த வீட்டு நாணுவுக்கு மாப்பிள்ளை மூலம் பஹ்ரைனிலிருந்து இன்னொரு பெட்டி. தேர்த் திருவிழாக் கண்காட்சியில் ஒரு பெட்டிக்குத்தான் ஸ்டால். எதற்கு என்று தீர்மானிக்கக் கண்காட்சிக் காரியதரிசி பஞ்சாபகேசன் வந்திருந்தார்.

"ரெண்டிலேயும் பந்து ஒண்ணுபோலத்தான் ஓடறது. எது சத்தம் நன்னா இருக்கோ, அதுக்கு ஸ்டால்" என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

இப்போது ராமபத்ரன் தம் பெட்டியில் ஒரு பந்து அடித்துக் காட்டினார்; நாணுவின் பெட்டியை முதலிலேயே கேட்டாயிற்று. மட்டையில் பட்டால் 'டிக்'. சுவரில் பட்டாலும் அதே 'டிக்'.

"பல்லி மாதிரின்னா இருக்கு" என்றார் ராமபத்ரன்.

"பல்லியோ பாம்போ, என் பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்காக்கும். உம்மோடதிலே சத்தம் எங்கேருந்து வரது?"

"எல்லாம் டெலிவிஷன் வழியா."

நாணு எழுந்து காதை வைத்துப் பார்க்கக் கிட்டே வந்தார். வழுக்கையில் துளிர்த்த வேர்வைகூடப் பட்டுவுக்குத் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"பின்னாலே போகாதேயும் ஓய். ஷாக் அடிச்சா உம்ம மாப்பிள்ளைக்கு நான்னா தந்தி அடிக்கணும்."

பஞ்சாபகேசன் சிரித்தார். "நாணு, இங்கே வந்து உக்காரும். நம்ம ரெண்டு பேரும் ஆடிப் பார்ப்போம்."

ஆட்டம் தொடங்கியது. ஸ்டால் கிடைக்காவிட்டால் ராமபத்ரன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அது பட்டுவுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தெரு இன்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'நன்னா இருக்கு' என்று ஒருவராவது சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை தனக்கு ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பந்து வேகம் பிடித்தது. மட்டையில் பட்டால் 'டொய்ங்'. சுவரில் மோதினால் மேலே எழும்பும் 'டீய்ங்'. கோட்டைத் தாண்டினால் இழுத்து இறங்கும் ஒரு 'டொம்ம்ம்'.

"பெட்டி அழறதே ஓய்" என்றார் பஞ்சாபகேசன். அடுத்த பந்துக்கு மட்டைக் குமிழைத் திருகியபடியே அவருடைய இன்னொரு கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. பந்துக்குப் பந்து சத்தம் பின்னிக்கொண்டு போயிற்று. நாணுவோ தான் எந்தக் கட்சி என்பதையே மறந்துவிட்டார். "விடாதேயும், விடாதேயும், இன்னொரு தரம் சுவர்லே அடியும், அந்த மேல் சத்தம் கேக்கட்டும்."

பட்டுவின் உதடு எரிந்தது. ஆனாலும் இப்படி ஒரு சந்தோஷம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு வாய்த்ததில்லை.

கடைசிப் பந்து தாண்டியது. பஞ்சாபகேசன் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"நன்னா இருக்கு. நன்னான்னா சாதாரண நன்னா இல்லை. நாணு, நீர் என்ன சொல்றீர்?"

"என்னத்தைச் சொல்ல? ஸ்டால் இதுக்குத்தான். இந்தச் சத்தத்தை யார் பண்ணினாளோ, அவா கையைக் கண்ணிலே ஒத்திக்கணும்."

படுதாவுக்குப் பின்னால் பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

"அமெரிக்காக்காரன் மூளை ஓய்" என்றார் ராமபத்ரன்.

இருவரையும் வழியனுப்பிவிட்டு அவர் ஓட்டமாக உள்ளே வந்தார். "ஜெயிச்சாச்சு பட்டு. கண்காட்சியிலே ஸ்டாலுக்குப் பின்னாலே உனக்கு ஒரு மறைப்புக் கட்டித் தரச் சொல்றேன். யார் கண்ணுக்கும் தெரியாது. தேர் முடியற வரைக்கும் இன்னிக்குப் பண்ணினாப்பலேயே பண்ணினாப் போறும்."

பட்டு, இத்தனை நேரம் மீட்டிய மோர்சிங்கைப் பற்களுக்கு இடையிலிருந்து எடுத்து, ரத்தம் கசிந்த உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"நான் வரலை" என்றாள் மெதுவாக. "அந்தப் பெட்டி ஊமைன்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ."