ஒரே ஒரு ஆத்துமா

"மூடறதுன்னா மூடிட்டுப் போங்க! அதுக்கு எதுக்கு ஒரு ஜெபம்?"

மிஷன் கண்காணிப்பாளர் 'ஆமென்' சொல்லி வாயை மூடவில்லை, அக்கா வாயைத் திறந்துவிட்டாள். முன்னறையில் ஆராதனைக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், பிரிக்காத அடுக்காகவே நின்றன. அவள் தம்பி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். இந்த ஊரில் மதம் பரப்ப மிஷன் அனுப்பிய ஊழியன். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு இந்தப் பணித்தளத்தை மூடத்தான் அவர் வந்திருந்தார்.

"கோபப்படாதீங்கம்மா. பக்கத்துப் பணித்தளத்துல போன வருஷம் மட்டும் நூறு பேருக்கு ஞானஸ்நானம். இங்க இத்தனை வருஷத்துல ஒரு ஆத்துமா கூட ஆண்டவர்கிட்ட வரல. மரம்னா கனி வேணாமா?"

"அந்த நூறுல பாதி, போன தடவை முங்கின அதே ஆளுங்க. ஊரே சிரிக்குது!"

"அக்கா, விடு..."

"நீ சும்மா இரு! உனக்கு வாயிருந்தா நான் ஏன் பேசறேன்?" அவர் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரி கடைசி வார்டுக்கு ஒருநாளாவது இவன்கூட போயிருக்கீங்களா? ஒருத்தர் இவன் மூஞ்சியில காறித் துப்பினார். மறுநாளும் போய் அவருக்கு நகம் வெட்டிவிட்டான். சாகறவரைக்கும் அவர் திட்டறதை நிறுத்தல, இவனும் போறதை நிறுத்தல. பெத்த பிள்ளைங்க எட்டிப் பார்க்கல. குழி வெட்டினது இவன். உங்க ஆண்டவர் விதைக்கத்தானே அனுப்பினார்? மழை பொய்ச்சா விதைச்சவனையா அடிப்பீங்க?"

கண்காணிப்பாளர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். நெற்றியோடு சேர்த்துக் கண்ணையும்.

"இப்படி ஒரு விசுவாசத்தை நான் எந்த ஊழியர் வீட்லயும் பார்த்ததில்லம்மா. ஏன் பிரதர், கனியை வீட்லயே வெச்சுக்கிட்டா ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். "ஐயா, அது வந்து..."

"இருங்க. அம்மா, 'தம்பியாலதான் விசுவாசத்துக்கு வந்தேன்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மேலிடத்துல நான் பேசிக்கறேன். பணித்தளம் நிக்கும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான்; சொல்லிவிட்டால் நாளைக்கும் அவன் அந்த வார்டுக்குப் போவான். மற்ற ஊழியர்கள் ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னபோதெல்லாம் 'ஒன்றுமில்லை' என்றே சொல்லிவந்த பிழைக்கத் தெரியாதவன், இப்போதும் வேண்டாமென்று தலையாட்டினான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்காணிப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு சாமி நம்பிக்கையே கிடையாதுங்க."